நூறு வரை எண்ணிய வில்லன்

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ரஷ்ய மாஃபியாக்காரன் நடந்தான். கார் து நோர் ரயில் நிலையத்தில், பட்டப்பகலில், நான் பாரிஸ் நகருக்குள் கால்வைத்த நாலாவது நிமிடத்தில்.

அவன் மாஃபியா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பதினெட்டு வருடமாகச் சென்னை சாலிகிராமத்தில் உட்கார்ந்து வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, அதில் வரும் வில்லன்களுக்கு நானே குரலும் கொடுத்துப் பிழைப்பவன் நான். ரஷ்ய மாஃபியாப் படங்கள் மட்டும் நாற்பது தேறும். லண்டனில் ரஷ்ய மாஃபியா, நியூயார்க்கில் ரஷ்ய மாஃபியா, ஒரு படத்தில் துபாய் ஒட்டகப் பந்தயத்தில்கூட ரஷ்ய மாஃபியா. எல்லாவற்றிலும் அதே மொட்டைத் தலை, கழுத்தே இல்லாத தோள், விரல்களில் குத்திய பச்சை. அத்தனை பேரும் என் குரலில் மிரட்டி, நான் எழுதிய வசனத்தில் செத்தவர்கள்.

இவனுக்கும் மொட்டை. இவனுக்கும் விரலில் பச்சை. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பெட்டியைப் பிடுங்கினான், திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் இரண்டு எட்டு வைத்தால் எனக்கு ஐந்து எட்டு. பயணச்சீட்டைத் தலைகீழாகச் சொருகியதில் வெளிவாசல் கதவுகள் இரண்டும் என் தொப்பையை நடுவில் வைத்து மூடிக்கொண்டன. பின்னால் நின்ற ஓர் ஆப்பிரிக்கப் பெண்மணி முழங்கையால் ஒரே தள்ளு. வெளியே வந்து விழுந்தேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். தொனியை வைத்துப் பார்த்தால், சோற்றைக் குறைக்கச் சொன்னார்.

பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு சட்டை, இரண்டு கிலோ கடலை மிட்டாய், ரத்த அழுத்த மாத்திரை. அந்த மாத்திரை இல்லாமலேதான் அதைத் துரத்தி ஓடினேன்.

இரண்டு தெரு தாண்டியதும் காற்றில் கறிவேப்பிலை மணந்தது. கடைப் பலகைகள் தமிழில் மாறின. நகைக்கடை, சேலைக்கடை, முருங்கைக்காயை விறகு மாதிரி அடுக்கிய மளிகைக்கடை. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சாப்பல். ரங்கநாதன் தெருவைத் துவைத்து, இஸ்திரி போட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. மாஃபியாக்காரன் ஒரு மளிகைக்கடை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, கடை முன்னாலிருந்த கூடையிலிருந்து ஒரு மோர்மிளகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

உள்ளேயிருந்து ஒருவர் கைகூப்பிக்கொண்டு ஓடி வந்தார். என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்த தவம்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ. கிரிகோரி வடிவாக் கூட்டிக்கொண்டு வந்தவனோ?"

"கூட்டிட்டு வரலைங்க. பெட்டியைத் தூக்கிட்டு வந்தாரு, நான் பின்னாடியே வந்துட்டேன்."

"உவன் அப்பிடித்தான், கதை பேச்சில்லை. உவன்தான் அண்ணை எங்கட படத்தின்ரை வில்லன்."

இது நடந்தது 2011 அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை. தவத்துக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து, ஆளைக் கடத்திவிடும் ஏஜென்சிக்காரர் மூலமாக மாஸ்கோ வழியாகப் பாரிஸ் வந்து சேர்ந்தவர். வரும் வழியில் மாஸ்கோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் எட்டு மாதம் பூட்டி வைக்கப்பட்டிருந்தார். அந்தக் கதையைப் படமாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய இருபது வருடக் கனவு. எடுத்தும் விட்டார். நிஜத்தில் பூட்டிய அறைக்குள் உருளைக்கிழங்கு உரித்த தவம், படத்தில் பூட்டை உடைத்து, மாஸ்கோ மாஃபியாத் தலைவனைப் பாரிஸ் வரை துரத்தி வந்து பழி வாங்குகிறார். இருபத்திமூன்று வயது நாயகனாக அவரே நடித்திருந்தார். படத்தின் பெயர் அதுவரை ஆறு முறை மாறியிருந்ததால் அதை இங்கே எழுதவில்லை.

வில்லன் கிரிகோரி உண்மையில் ரஷ்யரும் இல்லை, ரஷ்ய மொழி பேசும் மால்டோவாக்காரர். தவத்தின் கடைக்குத் தரைக்கல் பதிக்க வந்தவரை அப்படியே உரோமக் கோட்டு மாட்டி நடிக்க வைத்துவிட்டார்கள். "அவர் ரஷ்யர் இல்லையேங்க" என்றேன். "எங்கட சனத்துக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை. வெள்ளைக்காரனுக்கு நீங்களும் நானும் ஒண்டு மாதிரி" என்றார் தவம்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றை உடைத்தாக வேண்டும். தமிழ் தெரியாத நடிகர்களை வைத்துப் படமெடுக்கும்போது வசனத்தை மனப்பாடம் பண்ணச் சொல்லிக் கழுத்தை அறுக்க மாட்டோம். "ஒன்று, இரண்டு, மூன்று என்று உங்கள் மொழியில் எண்ணுங்கள், ஆனால் கோபமாக எண்ணுங்கள்" என்போம். காதல் காட்சியென்றால் குழைந்து எண்ணுவார்கள், சாவுக் காட்சியென்றால் விக்கி விக்கி எண்ணுவார்கள். பிறகு என்னைப் போன்ற ஒருவன் அந்த உதட்டசைவுக்குப் பொருந்தத் தமிழ் எழுதிப் பேசி ஒட்டிவிடுவான். தியேட்டரில் நீங்கள் விசிலடித்த எத்தனையோ வசனத்துக்கு அடியில் பதினேழும் பதினெட்டும் கிடக்கின்றன.

கிரிகோரியும் படம் முழுக்க எண்ணியிருந்தார். அவருக்குத் தமிழ் எழுதிக் குரல் கொடுக்கத்தான் நான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எபினே-சூர்-செய்னில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்துக்கு ஒரே ஒரு திரையிடல். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கு இருந்தது நாலு நாள்.

*

புதன்கிழமை வேலை தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடம் என்று தவம் சொன்னது அவர் கடைக்குக் கீழேயிருந்த நிலவறை. நாலு சுவரிலும் கூரை வரை அரிசி மூட்டைகள். நம்புங்கள், சாலிகிராமத்தில் லட்சக்கணக்கில் கொட்டிக் கட்டிய கூடத்தில்கூட அப்படியொரு நிசப்தம் கிடையாது. மேலே மெத்ரோ ரயில் போனால்கூடச் சம்பா மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிட்டன. மூலையில் வெங்காய மூட்டைகள். அழுகைக் காட்சிகளைக் காலையிலேயே முடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் நீளப் பாணும் சம்பலும். கத்தி மாதிரி விறைத்து நிற்கும் அந்தப் பிரெஞ்சு ரொட்டியைத் தவம் முறித்து மீன்குழம்பில் முக்கினார். பிரெஞ்சுக்காரர் எவராவது பார்த்திருந்தால் போலீஸுக்குப் போயிருப்பார், நான் மட்டும் அந்த மீன்குழம்புக்காகவே பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாமா என்று யோசித்தேன்.

மத்தியானம் கிரிகோரி நிலவறைக்கு இறங்கி வந்தார். எனக்குப் பின்னால் ஓர் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். திரையில் அவர் முகம், ஸ்பீக்கரில் என் குரல்: "டேய், என் ராஜ்யத்துல பனிகூட என்னைக் கேட்டுட்டுதான்டா பெய்யும்." பின்னாலிருந்து ஒரு உறுமல். திரும்பினால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். தன் வாயிலிருந்து தமிழ் வருவதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு தங்கப்பல் தெரிந்தது. எனக்கும் ஒரு மோர்மிளகாய் நீட்டினார்.

இருந்தாலும் நான் மறக்கவில்லை. என் நாற்பது படங்களிலும் கொலைக்கு முன்னால் சிரிக்காத ரஷ்யன் கிடையாது.

*

வியாழக்கிழமை உச்சக்கட்டக் காட்சிக்கு வந்தேன். அங்கேதான் சங்கடம். மூன்றே முக்கால் நிமிடம் கிரிகோரியின் முகம் மட்டும். முதலில் எண்ணுகிறார். பிறகு நிறுத்துகிறார். பிறகு வேறு ஏதோ பேசுகிறார். எண்ணிக்கைக்கும் பேச்சுக்கும் உதடு வேறு மாதிரி அசையும், என்னை ஏமாற்ற முடியாது. கடைசியில் அவர் கண்ணில் நீர். இந்த நடிப்பைப் பார்த்துப் படப்பிடிப்பில் எல்லோரும் கைதட்டினார்களாம். எட்டு மாதம் மாஸ்கோவில் கிடந்த தவத்துக்கே ரஷ்ய மொழியில் உருளைக்கிழங்கைத் தாண்டி எதுவும் தெரியாதாம். என்ன பேசினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்கென்ன, எழுதினேன். என் வாழ்க்கையிலேயே சிறந்த வேலை அதுதான். வோல்கா நதி, ஓநாய், ரத்தம், பனி எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொரு உதட்டசைவுக்கும் தையற்காரர் அளவெடுத்த மாதிரி பொருத்தினேன். ஒலிவாங்கியைத் திறந்து, "டேய்" என்று தொடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெரிய கை வந்து திரையை மூடியது. என் முகம் அளவுக்கு ஒரு உள்ளங்கை.

"நியெத்" என்றார் கிரிகோரி. மெதுவாகச் சொன்னார்.

வேண்டாம் என்று அர்த்தம். இந்த ஒரு சொல் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ரஷ்யன் கத்தினால் பயமில்லை. மெதுவாக இப்படிச் சொன்னால் அடுத்த காட்சியில் யாராவது கார் டிக்கியில் இருப்பார்கள். நான் "ஓகே, ஓகே, பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்காக. ஒரு செருப்பு கீழேயே நின்றுவிட்டது.

கார் து நோர் வரை ஒற்றைச் செருப்போடு ஓடினேன். நான் தங்கியிருந்தது புறநகரில், கார்ஜ் லே கொனெஸில் இருந்த தவத்தின் வீட்டில். அங்கே போக டி ரயில் ஏற வேண்டும். அதே பிளாட்பாரத்தின் அந்தப் பக்கம் பி ரயில். பயத்தில் எழுத்து எங்கே தெரிகிறது, வந்த ரயிலில் ஏறினேன். நம் ஊரில் மாம்பலத்தில் ஏறினால் தவறிப் போனாலும் தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளலாம். இது நேராக என்னைக் கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்கியது.

பலகையில் உலகத்தின் எல்லா ஊர்களும் ஓடிக்கொண்டிருந்தன. சென்னைக்குப் போகும் ஒரு விமானம்கூடத் தெரிந்தது. என் உடம்பு என்னைக் கேட்காமலே முடிவெடுத்து இங்கே வந்திருக்கிறது என்று தோன்றியது. கடவுச்சீட்டு வீட்டில், மாத்திரை பெட்டியில், செருப்பு நிலவறையில். தவத்துக்கு போன் போட்டேன்.

"ஏர்போட்டிலயோ? ஏன் அண்ணை, ஆரும் வருகினமோ?"

"யாரும் வரலை தவம். நான்தான் போயிடலாமான்னு பார்க்கிறேன். உங்க வில்லன் என்னைக் கொல்லப் பார்க்கிறாரு."

மறுமுனையில் தவம் சிரிப்பை அடக்கும் சத்தம். "அவன் கடைக்குள்ள எலி வந்தால்கூட வாசலைத் திறந்துவிட்டிட்டுத் தள்ளி நிக்கிறவன் அண்ணை. நில்லுங்கோ, ஆள் அனுப்புறன்."

யாரை அனுப்பினார் என்று நீங்களே ஊகிக்கலாம். முக்கால் மணி நேரம் கழித்து, கூட்டத்துக்கு மேலே ஒரு மொட்டைத் தலை மிதந்து வந்தது. கையில் என் இடதுகால் செருப்பு. அதை என் காலருகே, கல் பதிப்பதுபோல, நேராக வைத்தார்.

*

தவத்தின் கடையில் மீன் பகுதியில் ராணி அக்கா இருந்தார். அறுபது வயது இருக்கும். வஞ்சிர மீனை வெட்டும் வேகத்தைப் பார்த்தால் யாரும் எடை பற்றிக் கேள்வி கேட்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, விமான நிலையக் கதை கடை முழுக்கப் பரவியிருந்தது.

"தம்பி, கிரிகோரிக்குப் பயந்து பிளேன் ஏறப் போனீங்களாம்" என்றார், கத்தியை நிறுத்தாமல். எனக்கு வயது ஐம்பத்துமூன்று, தம்பி என்று கேட்டுப் பல வருடம். "அவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டுப் பாத்தனீங்களோ?"

"ரஷ்யன்லங்க பேசுறாரு. யாரைக் கேட்கிறது?"

ராணி அக்கா கத்தியைக் கீழே வைத்தார். கடையின் அந்தப் பக்கம் அரிசி அடுக்கிக்கொண்டிருந்த கிரிகோரியைப் பார்த்துச் சரளமாக ரஷ்ய மொழியில் ஏதோ கத்தினார். கிரிகோரி பதில் சொன்னார். முருங்கைக்காய் வாங்க வந்த ஒரு வயதானவர் நடுவில் புகுந்து, அவரும் ரஷ்ய மொழியில் ஒரு ஜோக் அடித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

விசாரித்தால், இந்தத் தெருவில் நாற்பத்தைந்து தாண்டியவர்களில் பாதிப்பேர் மாஸ்கோ வழியாக வந்தவர்களாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பூட்டிய வீடுகளில் கிடந்தவர்கள். ரஷ்யா பற்றி எதுவுமே தெரியாத ஒரே ஆள், ரஷ்யா நிபுணர் என்று விமானத்தில் வரவழைக்கப்பட்ட நான்தான்.

"உங்களைப் பூட்டி வச்சவங்க நிஜ மாஃபியாவாக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மாஃபியாதான். எங்களுக்கு ரெண்டு பெடியள் காவல். பதினாலு பேர் உள்ளுக்கை. ஏஜென்சிக்காரன் காசு கட்டேல்லை எண்டு அவங்களுக்கும் சம்பளம் இல்லை. எங்களைப் பூட்டிப்போட்டு அவங்களும் எங்களோட பூட்டுப்பட்டுக் கிடந்தவங்கள். பாணுக்கும் உருளைக்கிழங்குக்கும் அவங்களோட சண்டை பிடிச்சுப் பிடிச்சுத்தான் நான் பாஷை பழகினது." ஒரு மீன் தலையைத் தள்ளி வைத்தார். "பயமாத்தான் இருந்தது. ஆனால் உங்கட படத்தில வாற மாதிரி ஒருத்தரும் வசனம் பேசேல்லை."

அவரைக் கெஞ்சிக் கூத்தாடி நிலவறைக்கு இறக்கினேன். கிரிகோரியும் கூடவே வந்தார். முதலில் ஒரு சண்டைக் காட்சியைப் போட்டுக் காட்டினேன், தவத்தின் கழுத்தில் கிரிகோரி கத்தியை வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் இடம். ராணி அக்கா உன்னிப்பாகக் கேட்டார்.

"அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தெட்டு, எழுபது... ஒண்டை விழுங்கிப்போட்டான். எழுபத்தொண்டு. அவ்வளவுதான்."

அடுத்து உச்சக்கட்டக் காட்சி. கிரிகோரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு வரை ராணி அக்கா எண்ணினார். பிறகு அவர் குரல் மாறியது. அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நாஸ்தியா. எண்ணச் சொன்னார்கள், நூறு வரை எண்ணிவிட்டேன். இனி உன்னோடு பேசுகிறேன். நீ என் போனை எடுக்க மாட்டாய். ஆனால் உனக்குப் படம் என்றால் உயிர், எந்தப் படமானாலும் கடைசிவரை பார்ப்பாய். மூன்று மாதத்தில் வருகிறேன் என்று சொன்னேன். ஏழு வருடமாகிவிட்டது. உன் அத்தை சொல்வது பொய், இங்கே எனக்கு வேறு குடும்பம் இல்லை. என்னிடம் விசாப் பேப்பர் இல்லை. வெளியே போனால் திரும்பி வர முடியாது. அடுத்தவர்கள் குளியலறைக்குக் கல் பதிக்கிறேன். உன் கல்யாணப் புகைப்படம் பார்த்தேன். என் இடத்தில் நின்ற ஆளுடைய கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது. நான் இருந்திருந்தால் சரிசெய்திருப்பேன். இந்தக் கோட்டு என்னுடையது இல்லை, இவர்களுடையது. குளிரவில்லை. பயப்படாதே, என்னை இப்போது சுடப்போகிறார்கள், அது சும்மா."

படம் ஓடி நின்றது. ராணி அக்கா கிரிகோரியிடம் ஏதோ கேட்டார். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டினார். கறுப்புப் பலகை முன்னால் ஒரு பெண்.

"மகளாம். அங்கை பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிக்கிறாளாம்" என்றார் ராணி அக்கா. "தம்பி, இதுக்கு மேல நீங்கள் உங்கட நாய்க்குரலைப் போடப் போறீங்களோ?"

ஓநாய்க்குரல் என்று திருத்த வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

*

சனிக்கிழமை தவத்திடம் பேசினேன். அவர் மசியவில்லை. முழுப் படமும் தமிழில் பேசிவிட்டுக் கடைசியில் வில்லன் ரஷ்ய மொழிக்கு மாறினால் சனம் எழும்பிப் போய்விடும் என்றார். அதைவிட முக்கியம், அந்தப் பேச்சுக்குப் பதிலாக அவர் பேசும் பஞ்ச் வசனம். துப்பாக்கியை நீட்டியபடி, "கதைச்சு முடிஞ்சுதோ?" என்பார். சுடுவார். இருபது வருடமாக அந்த ஒரு வரியை மனதில் வைத்திருந்தாராம்.

"அவன் என்ன கதைச்சவன் எண்டு விளங்கினால்தானே அண்ணை, நான் கேக்கிறது எடுபடும். அவன்ரை மகளுக்கு நான் தனிய ஒரு வீடியோ எடுத்துக் குடுக்கிறன்."

"தனி வீடியோ அனுப்பினா அந்தப் பொண்ணு பார்க்காதுங்க. படம்னாதான் பார்க்கும்."

"ஞாயிற்றுக்கிழமை இருநூறு சனம் வருது அண்ணை. நான் அந்தச் சனத்தைப் பாக்கவேணும்."

அவர் சொன்னதும் நியாயம். தலையாட்டினேன். தலையாட்டினேனே தவிர, வாயால் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதைப் பிற்பாடு நீதிமன்றத்திலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

பேச்சை மாற்றுவதற்காக, "சாவுக் காட்சிக்குச் சிரிப்பு ஷாட் எடுத்தீங்கல்ல?" என்று கேட்டேன். தவம் முகத்தில் ரத்தமே இல்லை. எடுக்கவில்லை. எங்கள் ஊரில் பிணமாகப் படுத்த நடிகரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். எழுந்து உட்கார்ந்து காமிராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தால்தான் படுத்த தோஷம் போகும். படத்தில் அது வராது, ஆனால் எடுத்தாக வேண்டும்.

"ஐயோ, அந்தாள் அண்டைக்குச் செத்தபடியே மெத்ரோ ஏறிப் போட்டுதே" என்றார் தவம்.

அரைமணி நேரத்தில் கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் கிரிகோரியை உரோமக் கோட்டோடு படுக்க வைத்தோம். குப்பை வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். ஏன் சிரிக்க வேண்டும் என்று ராணி அக்கா ரஷ்ய மொழியில் விளக்கினார். கிரிகோரி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். கண்ணை மூடிச் செத்தார். எழுந்தார். காமிராவைப் பார்த்துத் தங்கப்பல் தெரியச் சிரித்தார். பிறகு யாரும் சொல்லாமலே, தன் கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் நிலவறையில் தனியாக உட்கார்ந்து, என் வாழ்க்கையின் சிறந்த மூன்றே முக்கால் நிமிடத்தை அழித்தேன். வோல்கா போயிற்று, ஓநாய் போயிற்று. சிரிப்பு ஷாட்டை எடுத்துப் படத்தின் கடைசியில் ஒட்டினேன். தவத்திடம் சொல்லவில்லை.

*

எபினே மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இருநூறுக்கு மேலேயே வந்திருந்தார்கள். வாசலில் மல்லிகைப்பூ, ஆட்டிறைச்சி ரோல்ஸ், தேநீர். பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஓடினார்கள், தாய்மார் தமிழில் கத்திக்கொண்டு துரத்தினார்கள். நான் வெளியேறும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை இரண்டு போட்டிருந்தேன். எனக்கு அந்தப் பக்கம் கிரிகோரி, இரவல் கோட்டில். தவம் முதல் வரிசையில் மனைவியோடு. அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தியபோது நானும் என் கட்டைவிரலைப் பாதி உயர்த்தினேன்.

படம் ஓடியது. கிரிகோரி என் குரலில் உறுமும்போதெல்லாம் கூட்டம் அவரை ஏசியது. "மொட்டைப் பிசாசு" என்றார் எனக்கு முன்னாலிருந்த அம்மா, அவர் பின்னால்தான் இருக்கிறார் என்று தெரியாமல். கிரிகோரி பெருமையாகத் தலையாட்டிக்கொண்டார்.

உச்சக்கட்டக் காட்சி வந்தது. நான் கதவின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். திரையில் கிரிகோரி முகம். அவருடைய சொந்தக் குரல்.

தவத்தின் பின்னந்தலை விறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. என்னைத் தேடியது. நான் கீழே விழுந்த ரோல்ஸைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குனிந்தபடியே கேட்டேன். முதலில் ஒரு சலசலப்பு. பிறகு நடுவரிசையில் ஒரு கிழவர், "உஸ்" என்றார். பிறகு ராணி அக்காவின் குரல், மீன் சந்தைக் குரல், தன் வரிசைக்குத் தமிழில் சொல்லத் தொடங்கியது. இடதுபக்கம் இன்னொருவர் தன் மனைவிக்குச் சொன்னார். பின்னால் ஒரு தகப்பன் தன் மகனுக்குப் பிரெஞ்சில் சொன்னார். மண்டபம் முழுக்க அங்கங்கே குசுகுசுவென்று ஒரே பேச்சு மூன்று மொழியில் போய்க்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டை இடம் வந்தபோது அதுவும் நின்றுவிட்டது.

அந்த நிசப்தத்தில் திரையில் தவம் துப்பாக்கியை நீட்டினார்.

"கதைச்சு முடிஞ்சுதோ?"

சுட்டார்.

மண்டபம் எழுந்து நின்று நாயகனைத் திட்டியது. "நாசமாய்ப் போவான், பிள்ளையோட கதைக்கிற மனிசனைச் சுட்டுப்போட்டான்" என்றார் மொட்டைப் பிசாசு அம்மா. "இவன் மனிசனோ" என்றது ஒரு குரல். "தவம், உனக்கு ஈவிரக்கம் இல்லையோ" என்றது இன்னொன்று. ஒரு ரோல்ஸ் திரையை நோக்கிப் பறந்தது. முதல் வரிசையில் தவத்தின் மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அப்போதுதான் கடைசியில் ஒட்டிய ஷாட் வந்தது. செத்த கிரிகோரி எழுந்தார். சிரித்தார். கழுத்துப்பட்டையை நேராக்கினார். ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு கைதட்டல் தொடங்கியது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார், பின்னால் இருந்தவரைப் பார்த்தார், அலறிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

தவம் என்னிடம் வந்து சேர வெகுநேரம் பிடித்தது. வழியெல்லாம் ஆட்கள் அவரை ஏசுவதற்கு நிறுத்தினார்கள்.

"நீங்கள் செய்த வேலையோ அண்ணை?"

"டெக்னிக்கல் ஃபால்ட்டுங்க."

தவம் கிரிகோரியைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "என்ரை வாழ்க்கையை நான் படமா எடுக்க, சனம் அவன்ரை வாழ்க்கைக்கு அழுதிட்டுப் போகுது" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த நிமிடம் அவரே போய்க் கிரிகோரிக்கு ஒரு தட்டில் ரோல்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ரயில் நிலையம் வரை கிரிகோரி என் பெட்டியைத் தூக்கி வந்தார். நான் பின்னால் ஓடினேன். இந்தமுறை சிரித்துக்கொண்டு ஓடியதில் மூச்சு சீக்கிரம் வாங்கியது. மால்டோவாவுக்கு வாராவாரம் பார்சல் ஏற்றிப்போகும் வேன் ஒன்று உண்டாம். அதில் அனுப்ப அவர் கேட்டது என் குரல் சேர்க்காத பிரதி, அவர் எண்ணிய எண்கள் அத்தனையும் அப்படியே இருக்கும் பிரதி. வட்டில் பதிந்து கொடுத்திருந்தேன்.

ஐந்து வாரம் கழித்து, சாலிகிராமத்தில் வேறொரு ரஷ்யனை உறுமவைத்துக்கொண்டிருந்தபோது தவம் அழைத்தார்.

"அண்ணை, கிரிகோரியின்ரை மகள் போன் அடிச்சவள்."

ஒலிவாங்கியை மூடினேன். "என்ன சொல்லிச்சு?"

"அவன் எடுத்து அலோ எண்டவனாம். அவள் உடனை கேட்டவளாம், 'அப்பா, கத்தி பிடிச்சுக்கொண்டு நிக்கிற இடத்தில அறுபத்தெட்டுக்குப் பிறகு எழுபது எண்டு சொல்லுறியள். அறுபத்தொன்பது எங்கை?' எண்டு."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தைச் சொல்லுறது அண்ணை. 'அறுபத்தொன்பது' எண்டு சொன்னவனாம்."